நிலக்கரி அறையின் கதவும் நாடக மேடையும்

தொழிலாளியாக வாழ்ந்துகொண்டே கதை எழுதிய ஒருவரை மேடைக்குக் கொண்டுவரும்போது, அவருடைய கதைகளை அப்படியே நடிக்க வேண்டுமா, அல்லது கலைத்து வேறொன்றாகக் கட்டலாமா என்று எங்கள் நாடகக் குழுவில் சில வாரங்களாக விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தாளரின் கதைப்போக்கைத் தொடுவதே அவருக்குச் செய்யும் துரோகம் என்கிறார்கள் நண்பர்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல, வடகிழக்கு இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டு அரங்கேறிய ஒரு நாடகத்தைத் துணைக்கு அழைக்கிறேன். அதன் பிரதியை இதுவரை மூன்று முறை படித்திருக்கிறேன். பாடல்களை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த நாடகத்துக்கு மூலமான கதைகளை எழுதிய சிட் சாப்ளின் 1916இல் டர்ஹாம் மாவட்டத்தின் ஷில்டன் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை விட்டுப் பதின்ம வயதிலேயே ஃபெரிஹில் பக்கத்திலிருந்த 'டீன் அண்ட் சாப்டர்' என்ற சுரங்கத்தில் இறங்கினார். அடிக்கடி நேர்ந்த விபத்துகளால் அந்தச் சுரங்கத்துக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் 'கசாப்புக் கடை'. பகலில் நிலத்தடியில் உழைத்தவர், ஓய்வு நேரத்தில் ஸ்பென்னிமூர் என்ற சிற்றூரில் இயங்கிய ஒரு படிப்பகத்துக்குப் போனார். 'சுரங்கத் தொழிலாளியின் கல்லூரி' என்றே அது அறியப்பட்டது. ஓவியம், நூலகம், நாடகம் எல்லாம் அங்கே இருந்தன. அதே சுரங்கத்தில் வேலை பார்த்த நார்மன் கார்னிஷ் அங்கிருந்துதான் ஓவியராக வளர்ந்தார். சாப்ளினின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1946இல் வெளிவந்தது. பிறகு தேசிய நிலக்கரி வாரியத்தின் இதழில் எழுதும் வேலைக்குச் சென்றார்; நாவல்களும் எழுதினார். ஆனாலும் அவர் எழுத்தின் வேர் அந்தச் சுரங்கத்து ஊர்களிலேயே இருந்தது.

அவருடைய கதைகளை வைத்து நியூகாசில் பிளேஹவுஸ் அரங்குக்காக ஆலன் பிளேட்டர் எழுதிய நாடகத்தின் பெயர் 'குளோஸ் த கோல்ஹவுஸ் டோர்', அதாவது 'நிலக்கரி அறையின் கதவை மூடு'. பாடல்களை எழுதி இசையமைத்தவர் கேட்ஸ்ஹெட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அலெக்ஸ் கிளாஸ்கோ. இயக்கியவர் பில் ஹேஸ். பிளேட்டரும் டைன் ஆற்றங்கரையில் உள்ள ஜாரோவில் பிறந்தவர்தான். சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஹல் நகருக்குப் போய்விட்டார். கதை எழுதியவர், நாடகமாக்கியவர், பாட்டுக் கட்டியவர் ஆகிய மூவருக்கும் அந்த மண்ணின் பேச்சு காதில் ஊறியிருந்தது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

பிளேட்டர் சாப்ளினின் ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதன் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகியவற்றைக் காட்சிகளாகப் பிரித்து எழுதவில்லை. ஒரு சுரங்கத்து ஊரில் வயதான தம்பதியின் திருமண வாழ்வு ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் நாளை எடுத்துக்கொண்டார். வீடு நிறைய ஆட்கள். ஒரு பேரன் சுரங்கத்தில் வேலை செய்கிறான். இன்னொருவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். படிக்கிறவன் வெளியூர்ப் பெண் ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறான். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் தொடங்கினால் வீட்டில் இருப்பவர்களே எழுந்து நின்று, 1831இல் சுரங்கத் தொழிலாளர் தலைவர் டாமி ஹெப்பர்ன் கட்டிய சங்கத்தையும், முதலாளிகளையும், வேலைநிறுத்தங்களையும், 1947இல் சுரங்கங்கள் அரசுடைமையானதையும் நடித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் விருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். சாப்ளினின் கதைகள் இதற்குள் கரைந்திருக்கின்றன. எந்தக் கதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம்.

இதைத்தான் என் நண்பர்கள் துரோகம் என்பார்கள். எனக்கோ இதுதான் சாப்ளினுக்குச் செய்யப்பட்ட நேர்மையான மரியாதையாகத் தோன்றுகிறது. ஒரு தொழிலாளியின் கதைக்கு முதல் உயிர் எங்கே கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து திரும்பும் வழியிலும், கடை வாசலிலும், கல்யாண வீட்டுப் பந்தலிலும் ஒருவர் சொல்ல, இன்னொருவர் குறுக்கிட்டுத் திருத்த, மூன்றாமவர் அதைவிடப் பெரிய கதையை எடுத்துவிட, அப்படித்தான் அது உருவாகிறது. எழுத்தாளர் அதைத் தாளுக்குக் கொண்டுவரும்போது ஒரு ஒழுங்கைக் கொடுக்கிறார். அது அச்சுக்குத் தேவையான ஒழுங்கு. பிளேட்டர் அந்தக் கதைகளை மறுபடியும் ஒரு விருந்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

ஹெப்பர்னின் வரலாற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்க் குடும்பங்களின் நினைவில் அவர் எவ்வளவு ஆழமாக இருக்கிறார் என்பது தெரியாமல் இந்த நாடகம் புரியாது. ஆண்டுக்கொருமுறை கையொப்பமோ கீறலோ வாங்கிக்கொண்டு தொழிலாளியை ஒரே சுரங்கத்தோடு கட்டிப்போடும் 'பாண்டு' முறை நிலவிய காலம் அது. 1831இல் ஹெப்பர்ன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. சிறுவர்களின் வேலை நேரம் குறைந்தது. அடுத்த ஆண்டே சங்கம் நொறுக்கப்பட்டது. எந்தச் சுரங்கமும் வேலை தராததால் அவர் ஊர் ஊராகத் தேயிலை விற்றுப் பிழைக்க முயன்றார். வாங்கக்கூட ஆட்கள் பயந்தார்கள். கடைசியில், இனிச் சங்கத்தின் பக்கம் போவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகே அவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. இந்தக் கதையை மேடையில் எப்படிச் சொன்னாலும் கண்ணீர் வரும். பிளேட்டர் கண்ணீரை நோக்கிப் போகவில்லை என்பதே நான் அவரிடம் கற்றுக்கொண்ட பெரிய பாடம். நாடகம் முழுக்கச் சிரிப்பு ஓடுகிறது. தங்களை நசுக்கியவர்களைப் பற்றியும், தங்கள் தலைவர்களைப் பற்றியும், தங்களைப் பற்றியும் அவர்களே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டுத் துயரத்தை மட்டும் மேடையில் வைத்திருந்தால், பார்வையாளர்கள் அனுதாபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த மனிதர்களின் அறிவு அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இந்தத் தவறை நாங்கள் செய்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன்பு, விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்த ஒருவரின் சிறுகதையை ஒரு வரி மாற்றாமல் நாடகமாக்கினோம். நடிகர்கள் உருகி நடித்தார்கள், விளக்கு மங்கியது, வயலின் அழுதது. கதையாசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து என் தோளில் கைவைத்து, "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா எங்க வீட்டுல இவ்வளவு அழ மாட்டோம்," என்றார். அவர் எழுதிய சொற்கள் எல்லாம் மேடையில் இருந்தன, அவர் வீடு மட்டும் அங்கே இல்லை. அன்றிலிருந்து 'மூலத்துக்கு உண்மையாக' என்ற சொற்றொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது.

சிரிப்பு இருந்ததால் நாடகம் வலியை மறைத்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். தலைப்புப் பாடலைக் கேளுங்கள். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியாக நிலக்கரி கிடைக்கும். அதைப் போட்டுவைக்க வீட்டின் பின்புறம் ஒரு சிறிய அறை இருக்கும். அந்த அறையின் கதவை மூடச் சொல்கிறது பாட்டு, உள்ளே இருப்பது கரி அல்ல என்பதால். முதலில் இரத்தம், பிறகு எலும்பு, கடைசியில் குழந்தைகள். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸில் உள்ள ஆபர்ஃபான் ஊரில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அது நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், அந்தக் கடைசி வரிகளைக் கேட்ட அரங்கத்தில் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. தினமும் குளிர்காய்வதற்குத் திறக்கும் ஒரு கதவைக் கொண்டு ஒரு தொழிலின் முழு விலையையும் சொல்லிவிட முடியும் என்பதைக் கிளாஸ்கோவின் பாட்டுக்கு முன்பு நான் அறிந்திருக்கவில்லை.

நாடகம் எங்கே நடந்தது என்பதும் அதன் பொருளில் சேர்த்தி. டர்ஹாம் மாவட்ட நிர்வாகம் தன் 1951ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை 'டி' பிரிவு என்று வகைப்படுத்தி, அங்கே இனிப் புதிதாக முதலீடு செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தது. 1964 முதல் 1970 வரையிலான ஹெரால்டு வில்சனின் தொழிற்கட்சி ஆட்சியில் நாடெங்கும் 200க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் மூடப்பட்டன. தாங்கள் வாக்களித்த கட்சியே தங்கள் ஊரை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் நியூகாசில் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். 1968இலேயே நாடகம் லண்டனின் ஃபார்ச்சூன் தியேட்டருக்குப் போனபோது அந்த அளவுக்கு வரவேற்புப் பெறவில்லை. லண்டன் பார்வையாளர்களை இதற்காகக் குறைசொல்ல மாட்டேன். வட்டாரப் பேச்சில் சக தொழிலாளியைக் குறிக்கும் 'மாரா' என்ற சொல்லுக்குப் பின்னால், நிலத்தடியில் உன் உயிர் இவன் கையில், இவன் உயிர் உன் கையில் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. அதை வாழ்ந்தவருக்கு அந்தச் சொல் காதில் விழும்போதே உடல் சிலிர்க்கும். தலைநகர் ஏற்றுக்கொண்டதா என்பதை வைத்து ஒரு வட்டார நாடகத்தை எடைபோடும் நம் பழக்கத்தைத்தான் நான் கண்டிக்கிறேன்.

குறைகளும் உண்டு. பெண்கள் இன்னும் அதிகம் பேசியிருக்கலாம். விருந்து முழுவதையும் தாங்கி நிற்கும் பாட்டிக்கு, அவள் தாங்குகிற அளவுக்குச் சொல் கொடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். 2012இல் இந்த நாடகத்தை நியூகாசிலில் மறுபடியும் மேடையேற்றியபோது, நாடக ஆசிரியர் லீ ஹால் புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தார். அதற்குள் டர்ஹாமின் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. கடைசியாக 1993இல் மூடப்பட்ட வேர்மவுத் சுரங்கம் இருந்த இடத்தில் சண்டர்லாண்டின் கால்பந்து அரங்கம் நிற்கிறது. சுரங்கமே இல்லாத ஊரில் அதே பிரதியை மாற்றாமல் நடித்திருந்தால் அது அருங்காட்சியகமாகியிருக்கும். தன் காலத்தின் கேள்வியை உள்ளே நுழைய விட்டதால்தான் அது நாடகமாக இருந்தது. சாப்ளின் 1986இல் மறைந்த பிறகு, அவருடைய மகன் மைக்கேலும் பிளேட்டரும் சேர்ந்து அவர் கதைகளிலிருந்து இன்னொரு நாடகத்தை உருவாக்கினார்கள் என்பதையும் நண்பர்களுக்கு நினைவூட்டுகிறேன். கதைகளைக் கலைத்துப்போட்டவரை அந்தக் குடும்பம் துரோகியாகக் கருதவில்லை.

எங்கள் குழுவுக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்து எடுத்திருக்கும் தறிக்காரர் கதைகளை ஒத்திகைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் முன், அந்தத் தறிக்காரர்களின் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படிப்போம். எந்த இடத்தில் அவர்கள் குறுக்கிடுகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், 'அது அப்படி இல்லைங்க' என்று எந்த வரியில் கையை உயர்த்துகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்வோம். நாடகத்தை அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதத் தொடங்கலாம். முதல் காட்சியும் அந்தத் தெருவிலேயே நடக்கட்டும். நகரத்து அரங்கத்துக்கு அப்புறம் போவோம்.