சிசியில் ஒன்பது பேர், நன்றிக்கு ஒரு கட்டைவிரல்

வயிறு எரியுது, அதான் எழுதுறேன்.

போன வியாழக்கிழமை. பையைத் தோள்ல மாட்டியாச்சு. பக்கத்து டீம்ல இருந்து சாட்டில் ஒரு "ஹாய்". வெறும் ஹாய். (இப்படி ஹாய் போட்டுட்டு, நாம பதில் சொல்ற வரைக்கும் விஷயத்தைச் சொல்லாத ஆளுங்களைப் பத்தித் தனியாவே திட்டணும்.) சொல்லுங்கன்னேன். "ஒரு சின்ன வேலை, ரெண்டே நிமிஷம்." நாலு எக்செல் ஃபைல். ஒண்ணோட தலைப்பு இன்னொண்ணுக்குப் பொருந்தாது. தேதி பாதி இடத்துல எழுத்தா இருக்கு, பாதி இடத்துல எண்ணா இருக்கு. அந்த ரெண்டு நிமிஷம் முடியும்போது ராத்திரி பத்தே முக்கால்.

அனுப்பினேன். மஞ்சள் கலர்ல ஒரு கட்டைவிரல் வந்துச்சு. அவ்ளோதான்.

அவசரத்துல இருப்பார், போகட்டும்னு விட்டேன். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல அதே அட்டவணையைத் திரையில போட்டு, "நேத்து நான் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணேன்"ங்கறார். நாலு நாற்காலி தள்ளி நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்! அதையும் முழுங்கிட்டேன். திங்கள் காலையில மெயில்: ஒரு வரிசையில கூட்டுத்தொகை தப்பாம். அதுவரைக்கும் அவர் செஞ்ச வேலை, தப்புன்னு தெரிஞ்சதும் என் பேருக்கு மாறிடுச்சு. சிசியில, அதான் மெயிலோட நகல் போற பட்டியல்ல, ஒன்பது பேர். எண்ணிப் பார்த்தேன். அதுல ரெண்டு பேர் யாருன்னே எனக்குத் தெரியாது.

குத்தம் சொல்ல ஊரைக் கூட்டத் தெரியுது, நன்றின்னு மூணு எழுத்தைத் தட்ட முடியலையா?

"சம்பளம் வாங்குறல்ல, அப்புறம் என்ன நன்றி"ன்னு ஒரு கூட்டம் வரும். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இருநூறு சொச்சம் பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டு 1959-லயே எழுதி வச்சுட்டார் ஐயா. சம்பளம் சரியில்லைன்னா புலம்புவாங்க, சரியா கொடுத்தா புலம்பல் நிக்கும். ஆனா வேலையில உற்சாகம் வந்த நாளைச் சொல்லச் சொன்னா, ஒரு காரியத்தைச் சாதிச்சதையும் அதை நாலு பேர் மதிச்சதையும்தான் அதிகம் சொன்னாங்க.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்லை. கடவுச்சொல்லை மறந்துட்டு ஐடி தம்பியை எத்தனை தடவை எழுப்பியிருக்கேன், ஒரு தடவைகூட நன்றி சொன்னதா ஞாபகம் இல்லை. அதுக்காக அவன் செஞ்சதை நான் செஞ்சேன்னு சொல்லல.

இதுல வேடிக்கை என்னன்னா, சிசியில இருந்த முகம் தெரியாத ரெண்டு பேர்ல ஒருத்தர் எனக்கு மட்டும் தனியா எழுதினார்: "அந்தத் தேதிக் குழப்பத்தை எப்படிச் சரி பண்ணீங்க? எனக்கும் சொல்லித் தர்றீங்களா?" வருஷக் கடைசியில எல்லாருக்கும் மொத்தமா வர்ற "சிறப்பான பணி, டீம்" மெயிலையெல்லாம் இதுக்குப் பக்கத்துல வைக்க முடியுமா?

சொல்ல மறந்துட்டேன். அந்தக் கூட்டுத்தொகைத் தப்பு அவர் கொடுத்த ஃபைல்லயே இருந்தது. படம் எடுத்து, வட்டம் போட்டு, அதே ஒன்பது பேரையும் சிசியில வச்சே பதில் அனுப்பினேன். அதுக்கும் ஒரு கட்டைவிரல்!

வர்ற வியாழன் அஞ்சரைக்கு என் சாட்டில் 'பிஸி'ன்னு காட்டுற சிவப்புப் புள்ளிதான்.