உழவன் எக்ஸ்பிரஸில் ஏறாத இரண்டு பெண்கள்

இரண்டு பெண்கள் காதலிக்கிற சிறுகதைகள் தமிழில் இப்போது ஓரளவு வருகின்றன. சிற்றிதழ்களில், இணைய இதழ்களில், சில சமயம் இங்கேயே நீண்ட பதிவாக. கண்ணில் படுவதை எல்லாம் வாசித்துவிடுவேன். நன்றாகவே எழுதுகிறார்கள். விடுதி மொட்டைமாடி, ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்ட ஹெட்போன், முதல் முத்தத்துக்கு முந்தைய அந்தப் பயம் என்று காதல் வருகிற இடமெல்லாம் சரியாக வருகிறது. அதற்கப்புறம் நடப்பதோடுதான் எனக்குச் சண்டை. நாயகி எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் சீக்கிரமே அவளைச் சென்னை போகிற உழவன் எக்ஸ்பிரஸில் ஏற்றி எழும்பூரில் இறக்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் ஆறு இருக்கவே இருக்கிறது. மேட்டூரைத் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. வந்த தண்ணீரில் எத்தனை பெண்களைத்தான் மூழ்கடிப்பீர்கள்?

நான் கும்பகோணத்தில் ஒரு பெண்ணோடு வாழ்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் எங்கும் ஓடிப்போகவில்லை, சாகவும் இல்லை. எங்களைப் போல ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் பற்றி ஏன் கதை வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

ஒரு காரணம், கதையை யார் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் 'லிஹாஃப்' (போர்வை) சிறுகதையை எழுதியது 1942இல். பேகத்துக்கும் அவர் பணிப்பெண்ணுக்கும் இடையில் நடப்பதைப் பக்கத்துப் படுக்கையில் கிடக்கும் ஒரு சிறுமி பார்க்கிறாள், சுவரில் நிழலாடுகிற போர்வையைப் பார்த்துப் பயப்படுகிறாள். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வழி! அப்படி எழுதியும் ஆபாசம் என்று லாகூரில் வழக்குப் போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. சரி, அது 1942. எண்பது வருஷம் கழித்தும் நம் கதைகளில் பக்கத்து வீட்டுப் பையனோ, சந்தேகப்படும் புருஷனோ, விடுதி வார்டனோதான் சாவித்துவாரம் வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறைக்குள் இருக்கிற இரண்டு பேருக்கும் வாய் இல்லையா?

இத்தனைக்கும் எங்கள் மண்ணின் எழுத்து கூச்சப்பட்ட எழுத்து இல்லை. இதே கும்பகோணத்துக்காரரான கு.ப.ரா. 1944இல் இறப்பதற்குள் பெண்ணின் ஏக்கத்தை அவ்வளவு மென்மையாக எழுதிவிட்டுப் போனார். கரிச்சான் குஞ்சு 1978இல் 'பசித்த மானிடம்' நாவலில் ஆணும் ஆணும் சேர்வதை மூடிமறைக்காமல் எழுதினார். நாவலில் இருந்த அந்தத் துணிச்சல் சிறுகதைக்கு, அதுவும் பெண்கள் விஷயத்தில், இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

நான் எதிர்பார்க்கிற கதை வாடகை வீட்டில் தொடங்கும். இங்கே வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "ஃபேமிலியா?" இரண்டு பெண்கள் என்றதும் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதை யாராவது எழுத வேண்டும். ஆம்பளை வந்துபோக மாட்டான், குடி கிடையாது, சத்தம் கிடையாது. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் போயிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். நம்மை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிறார்கள். காப்பி ஆறுவதற்குள் அடுத்த கேள்வி வரும்: "நீங்க என்ன ஆளுங்க?"

நம் கதைகள் தொடாமல் தாண்டிப்போகிற இடம் இதுதான். கதையில் வரும் இரண்டு பெண்களுக்கும் உடம்பு இருக்கிறது, கனவு இருக்கிறது, ஆங்கிலப் பாட்டு ரசனைகூட இருக்கிறது. சாதி மட்டும் கிடையாது. டெல்டாவில் சாதி தெரியாமல் ஒரு தெருப்பெயரைக்கூடச் சொல்ல முடியாது. ஒரே தெருவில் பிறந்த இருவர் என்றால் 'சிநேகிதி' என்ற பெயரில் பல வருஷம் ஒரே பாயில் படுத்துத் தூங்கலாம், அம்மாவே தலையணை எடுத்துப் போடுவாள். ஒருத்தி காலனியிலிருந்து வருகிறவள் என்றால் சிநேகிதி என்ற பெயரிலும் திண்ணையைத் தாண்டுவது கஷ்டம். அந்த வீட்டில் காதல் தெரியவந்தால் எது முதலில் வெடிக்கும், பெண் என்பதா, சாதியா? எனக்குத் தெரிந்தவரை இரண்டாவதுதான். இதைத் தொடாமல் எழுதுகிற கதையில் கும்பகோணம் என்று பெயர் போட்டாலும் அது பெங்களூரு அப்பார்ட்மெண்ட்தான்.

அப்புறம் ரேஷன் கார்டு. சிரிக்காதீர்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நமக்குத் திருமண உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக, சேர்ந்து வாழும் தன்பாலீர்ப்பு இணையரை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி 2024இல் ஒன்றிய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதத்தின் நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் போய் நிற்கும் இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? குடும்பத் தலைவி யார்? மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒரு கார்டுக்கு ஒருத்திக்குத்தான். ஒரே கார்டாக்கினால் ஒரு ஆயிரம் போச்சு, தனித்தனிக் கார்டாகவே வைத்துக்கொண்டால் காகிதத்தில் நாம் அந்நியர்கள். இதை வைத்து ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற ஒரு சண்டையில் எத்தனை காதல் இருக்கிறது தெரியுமா? எங்கள் வீட்டில் நடந்தது, அதனால் சொல்கிறேன்.

நீதிமன்றம் நம் கதாசிரியர்களை முந்திக்கொண்டு போய்விட்டதோ என்றுகூடத் தோன்றுகிறது. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தார். 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. அவளைப் பெற்றோரோடு போகக் கட்டாயப்படுத்திய போலீஸையும் கண்டித்தது. விடுதலையான அன்று சாயங்காலம் அவளும் அவள் காதலியும் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? தீர்ப்பில் அது இருக்காது. அதற்குத்தான் கதை.

ஆடிப்பெருக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது எழுதத்தான் போகிறீர்கள். படித்துறையில் காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். ஊரே கூடியிருக்கிற இடத்தில் ஒருத்தி தன் காதலிக்குக் கயிறு கட்டலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அழகான இடம்தான். தயவுசெய்து அதைக் கடைசி வரியில் வைக்காதீர்கள். நடுவில் எங்காவது வைத்துவிட்டு, மறுநாள் ஒருத்தியின் அப்பாவுக்கு டயாலிசிஸுக்கு யார் தஞ்சாவூர் கூட்டிப்போவது என்ற பேச்சுக்குப் போங்கள்.

இதைச் சொன்னதும் ஒரு தோழி, "சந்தோஷமா முடிக்கணும்னு கேக்குறியா? அது பொய் இல்லையா?" என்றாள். சந்தோஷத்தை நான் கேட்கவில்லை. சண்டை போடட்டும், ஒருத்தி விட்டுவிட்டுப் போகட்டும், திருபுவனத்தில் பட்டுத்தறிக்குத் தார் சுற்றுகிறவளும் வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை பார்க்கிறவளும் காசுக்கு அல்லாடட்டும். ஊரிலேயே இருந்துகொண்டு அதையெல்லாம் செய்யட்டும் என்கிறேன். அப்படி ஒரு கதை ஏற்கெனவே வந்து நான்தான் தவறவிட்டிருந்தால் அனுப்புங்கள். எழுதி வைத்துக்கொண்டு தயங்குகிறவர்கள் புனைபெயரில் அனுப்பினாலும் போதும், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.