விடியற்காலைத் தள்ளாட்டம்

வயதானவர்களின் உடல் சமநிலை நேரத்துக்கு நேரம் மாறும் என்று படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. பகலில் மொட்டைமாடி ஏறி வடகம் காயவைப்பவர், விடியற்காலை 4 மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தால் பீரோவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். உடல் வெப்பநிலை நன்றாக இறங்கியிருக்கும் நேரம் அது. மூளையும் முழுதாக விழித்திருக்காது. சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். நின்ற 3 நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 புள்ளி குறைந்தாலே கோளாறுதான். ஆனால் பிரஷர் பார்ப்பதோ காலை 10 மணிக்கு, நாற்காலியில் உட்காரவைத்து. அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது. இப்போது கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு 2 நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார். வழியில் ஜீரோ வாட் பல்பு எரிகிறது. அப்புறம், ராத்திரி தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அதைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.