அது சர்ச்சின் இடம்

சர்ச் டென்ட் முகாமைப் பற்றி நடந்த வியாழக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கத்தியவர்களில் நான்கைந்து பேர் நன்றாகத் தெரிந்தவர்கள், நாளைக்கே இந்தியக் கடையில் கறிவேப்பிலை எடுக்கும்போது எதிரே நிற்கப்போகிறவர்கள். ஆனால் முகாமை அனுமதிக்கக் கூடாது என்று சிட்டிக்கு, அதாவது ஊர் நிர்வாகத்துக்கு, எழுதிய மனு இன்று காலை தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. "நம் குழந்தைகளைக் காப்போம்" என்று தலைப்பு, கூடவே கைகூப்பும் எமோஜி வரிசையாக. சரி, இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்குத்தான் தூக்கம் வராது.

சர்ச் தன் பார்க்கிங் லாட்டில் வீடில்லாதவர்கள் டென்ட் போட்டுக்கொள்ள நாலு மாதம் இடம் தருகிறது. அவ்வளவுதான் விஷயம். சர்ச்சின் இடம், சர்ச்சின் தண்ணீர், சர்ச்சின் கரண்ட். நம்மிடம் யாரும் நிலம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, ஒரு பழைய கம்பளிகூடக் கேட்கவில்லை. அதற்குத்தான் நம்மவர் ஒருவர் மைக்கைப் பிடித்து "இதை சிட்டி எப்படி அனுமதிக்கலாம்?" என்று கர்ஜித்தார். பின்வரிசையில் பலத்த கைதட்டல். தட்டியவர்களில் நிறையப் பேர் நம்மவர்கள்.

எப்படி அனுமதிக்கலாமா? கேள்வியே கோணல். சிட்டி மனசு வைத்துக் கொடுக்கிற சலுகை இல்லை இது. மத அமைப்புகள் தங்கள் இடத்தில் வீடில்லாதவர்களைத் தங்கவைக்கலாம் என்று வாஷிங்டன் மாநிலத்தில் 2010-லிருந்து சட்டமே இருக்கிறது. பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, இவற்றுக்குத் தேவையான நிபந்தனைகளை சிட்டி போடலாம். அதைத் தாண்டி இழுத்தடிக்க முடியாது. பெர்மிட் கட்டணம்கூட ஆகிற செலவுக்கு மேல் வாங்கக் கூடாது.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. பக்கத்து ஊரான உட்டின்வில்லில் 2006-ல் ஒரு சர்ச், டென்ட் சிட்டி 4 என்கிற, இடம் மாறிக்கொண்டே இருக்கும் வீடில்லாதவர்கள் முகாமைக் கூப்பிட்டது. அந்த வட்டாரத்தில் நிலப் பயன்பாட்டு பெர்மிட்டுகளுக்கே தற்காலிகத் தடை போட்டிருக்கிறோம் என்று சொல்லி, விண்ணப்பத்தைப் பிரிக்கவே மறுத்தது ஊர் நிர்வாகம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல் சர்ச் ஜெயித்தது. பெர்மிட் வாங்கு என்று சொல்வதில் தப்பில்லை, விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டேன் என்பது மத சுதந்திரத்தில் கைவைக்கிற காரியம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கிற கூட்டம் நாம். விண்ணப்பத்தைத் தொடவே மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று நமக்கா விளக்க வேண்டும்?

உடனே வருவார்கள், தெரியும். "உங்க வீடு அந்தத் தெருவில் இல்லையே, நீங்க பேசுவீங்க." ஆமாம், இல்லை. மூன்று தெரு தள்ளி. எத்தனை அடிக்குள் இருந்தால் எனக்கு வாய் திறக்க உரிமை வரும் என்று சொன்னால் அளந்து பார்த்துக்கொள்கிறேன்.

"வீட்டு விலை விழுந்துவிடும்." இதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. சியாட்டிலுக்குக் கிழக்கே, ஏரிக்கு இந்தப் பக்கம் முதல் டென்ட் சிட்டி வந்தது 2004-ல், பாத்தலில் ஒரு கத்தோலிக்க சர்ச்சின் இடத்தில். அன்றிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஈஸ்ட்சைட் என்கிற நம் வட்டாரத்தில் வீட்டு விலை எங்கே போயிருக்கிறது என்று, தினமும் ரெட்ஃபின் திறந்து தன் வீட்டின் மதிப்பைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பாதுகாப்பு. இதுதான் பெரிய பயம், குழந்தை வைத்திருப்பவளாக எனக்கும் புரிகிறது. ஆனால் மனுவில் எழுதியிருப்பது போல "யார் வேண்டுமானாலும் வந்து படுக்கலாம்" என்பது பச்சைப் பொய். முகாமுக்கு எழுதப்பட்ட நடத்தை விதிகள் இருக்க வேண்டும். சிட்டி கேட்டால், தங்குகிற ஒவ்வொருவரின் பெயரையும் பாலியல் குற்றவாளிகள் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். 2020-ல் திருத்திய சட்டத்தில் இதெல்லாம் இருக்கிறது. முகாம் திறக்கும் முன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நீங்கள் போய்க் கத்தினீர்களே, அந்த மைக்கை உங்கள் கையில் கொடுத்ததே அந்தச் சட்டம்.

சரிபார்த்த பிறகும் ஒருவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு சர்ச்சிடம்தான் இருக்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்டார். உண்மை. நியாயமான கேள்வி. பாஸ்டர் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு ஓட்டையைக் காட்டி மொத்த முகாமையும் விரட்டுவது எந்த ஊர் நியாயம்?

போன முறை பக்கத்து ஊர் சர்ச்சில் முகாம் இருந்தபோது சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய அலுமினிய டிரே. வாசலில் ஒரு மடக்கு மேஜை. அதன் மேல் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. காவல் முறையில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும், காதை மூடிய தொப்பி, கையுறையில் விரல் நுனிகள் கிழிந்திருந்தன. ஐடி கேட்டார். நான் பர்ஸைக் காரில்கூட எடுத்து வரவில்லை. "மன்னிக்கணும் மேடம், ஐடி இல்லாமல் உள்ளே விட முடியாது" என்றார். சாப்பாடு கொண்டுவந்தவள் என்று சொல்லிப் பார்த்தேன். டிரேயை மட்டும் பணிவாக வாங்கிக்கொண்டு, நோட்டில் நேரம் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் பிள்ளையின் பள்ளிக்கூட ஆபீஸில்கூட இத்தனை கறார் கிடையாது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண், சூப்பர் மார்க்கெட் பெயர் போட்ட சட்டையோடு, நோட்டில் தன் பெயருக்கு எதிரே டிக் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். இரவு ஷிஃப்ட். நாம் வாங்குகிற பாலை அலமாரியில் அடுக்குகிறவர் அவர். "சியாட்டில் ஆட்களை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள்" என்று மனு சொல்கிறது. அவர் எந்த ஊர் ஆள் என்று நினைக்கிறீர்கள்?

2024-ல் எடுத்த கணக்கில் சியாட்டிலும் நம் ஊர்களும் அடங்கிய கிங் கவுண்டியில் ஒரே இரவில் வீடில்லாமல் இருந்தவர்கள் 16,868 பேர் என்று மதிப்பிட்டார்கள். அதே வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தங்க வேறு இடம் இல்லாவிட்டாலும் பொது இடத்தில் படுத்தால் ஊர்கள் அபராதம் போடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூங்காவில் படுத்தால் குற்றம், பாலத்தடியில் படுத்தால் குற்றம். தனியார் ஒருவர் வா என்று தன் இடத்தைக் காட்டினால் அதுவும் உங்களுக்கு ஆகாது. பிறகு எங்கேதான் போகச் சொல்கிறீர்கள்? இந்தக் கேள்வியைக் குழுவில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஒருவர் கட்டைவிரல் போட்டார். மற்றவர்கள் பொங்கல் விழாவுக்கு ஹால் புக் செய்வதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

இதில் எனக்கு வலித்தது வேறு. ஒரு அண்ணா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிற அண்ணா, எல்லாரும் பார்க்க எழுதுகிறார்: "என்னம்மா, கன்வெர்ட் ஆகிட்டியா?" சிரிப்பு எமோஜி. அதற்குப் பன்னிரண்டு சிரிப்புகள்.

இல்லை அண்ணா. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன், பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறேன். உங்களைப் போலவே அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிறேன், என் பெயரையும் பலகையில் எழுதத்தான் செய்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு நாம் இடம் தேடிய நாட்கள் மறந்துவிட்டதா? டிராஃபிக் வரும், பார்க்கிங் நிரம்பும், சத்தம் வரும், இந்த வட்டாரத்தின் தன்மையே மாறிவிடும் என்று அன்றைக்கும் ஒரு கூட்டத்தில் ஒருவர் மைக் பிடித்துப் பேசினார். அன்று நம் பக்கம் எல்லார் முகமும் சுண்டிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வியாழக்கிழமை நம்மவர் பேசியது அதே வசனம், உச்சரிப்பு மட்டும் வேறு.

கலிபோர்னியாவில் யூபா சிட்டி சீக்கியர்கள் குருத்வாரா கட்ட பெர்மிட் கேட்டார்கள். குடியிருப்புப் பகுதியில் கேட்டபோது சத்தம், டிராஃபிக் என்று மறுத்தது கவுண்டி. சரி என்று வயல்வெளிப் பக்கம் இடம் வாங்கிப் போனார்கள். ஊரிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது என்று அதையும் மறுத்தது. 2006-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குருத்வாராவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நில விதிகளைக் காட்டி வழிபாட்டை நெருக்காதே என்கிற 2000-வருஷத்துச் சட்டத்தை வைத்துத்தான். சீக்கியருக்கும் நமக்கும் குடை பிடிக்கிற சட்டம் சர்ச்சுக்கு மட்டும் பிடிக்கக் கூடாதா? பசித்தவனுக்கு இடம் கொடுப்பது வழிபாடா என்று கேட்பவர், நம் கோயில் சாப்பாட்டு வரிசையில் எதற்கு நிற்கிறார்?

"எல்லாம் அவரவர் செய்த வினை, உழைத்திருந்தால் வீடு இருந்திருக்கும்" என்று இன்னொருவர். அவருக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கணவருக்கு லேஆஃப் ஆனபோது எச்1பி என்கிற வேலை விசாவில் இருந்தோம். வேறு வேலை கிடைக்க 60 நாள், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். சேமிப்பை வக்கீல் பீஸ் தின்றது. லீஸ் முடிந்தது, சம்பளச் சீட்டு இல்லாமல் எந்த அபார்ட்மென்டும் புதிதாகக் கொடுக்கவில்லை. ஒரு தோழி தன் பேஸ்மென்டைக் கொடுத்தாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்தோம். அவள் எச்ஓஏவிடம், அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்திடம், அனுமதி கேட்கவில்லை, தெருவைக் கூட்டி மனுப் போடவில்லை. பேஸ்மென்ட் இருந்தது, கொடுத்தாள். நாங்கள் உழைக்காமல் அங்கே போய்ச் சேரவில்லை சார். அவள் மட்டும் இல்லையென்றால் அந்தக் குளிரில் எங்கே போயிருப்போம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

சிட்டிக்கு எழுத்தில் கருத்துச் சொல்ல இன்னும் அவகாசம் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அதே முகவரிக்கு ஒரு வரி எழுதிப் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம். இரண்டு பேர் ஏற்கெனவே செய்துவிட்டார்கள், பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. மதச் சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டுக்கு வராதீர்கள், பிளாக் செய்துவிடுவேன், உறவுக்காரரானாலும் சரி. அடுத்த மாதச் சாப்பாட்டுப் பட்டியலில் செவ்வாயும் வெள்ளியும் காலியாக இருக்கின்றன. சமைக்க முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், காரம் மட்டும் குறைவாக.