பதினேழு பதில்களில் ஒன்று

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஒரு குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மன அழுத்த மாத்திரை அட்டை. பத்துக் குழியில் இரண்டு காலி. ஓரத்தில் கடித்துக் கடித்துத் தேய்ந்துபோன ஒரு கட்டைவிரல் நகம். மேலே இப்படி எழுதியிருந்தது: "ரெண்டு நாளா இதைப் போடறேன். முன்னைவிட மோசமாத்தான் இருக்கு. நிறுத்திடலாமா? எதுக்கு இருக்கோம்னே தெரியல."

அரை மணி நேரத்தில் பதினேழு பதில்கள். பதினாறும் மாத்திரையைப் பற்றி. "தூக்கிப் போடுங்க சகோ, அடிமையாக்கிடும்." "ஒண்ணு பத்தாது, ரெண்டாப் போட்டுப் பாருங்க." "எனக்கு இது செட் ஆகல, வேற மாத்துங்க." கடைசி வரியை யாரும் தொடவே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: "தனியாவா இருக்கீங்க?"

அந்தப் பதினாறு பேரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

மன அழுத்தத்துக்காக அப்போது எனக்கு ஃப்ளூவாக்செடின் என்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில மாதம் போட்டுவிட்டு, டாக்டரிடம் சொல்லாமலேயே ஒருநாள் நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருமையோடு, முன்பின் தெரியாத ஒருவர் "நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டபோது, "தைரியமா நிறுத்துங்க, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று எழுதினேன். அவர் "ரொம்ப நன்றி" என்றார். அவருக்கு எழுதிக் கொடுத்திருந்ததோ வெண்லாஃபாக்சின் என்ற வேறொரு மன அழுத்த மருந்து.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஃப்ளூவாக்செடின் உடம்பை விட்டு மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் வெளியேறும். எனக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் என் மனஉறுதி இல்லை, மருந்தின் குணம். வெண்லாஃபாக்சின் சீக்கிரமே இறங்கிவிடும். ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை சுற்றும், மண்டைக்குள் ஷாக் அடிப்பதுபோல் இருக்கும், பதற்றம் ஏறும். ஏற்கெனவே சாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஒருவரை அந்த நிலைக்குத் "தைரியமா" அனுப்பி வைத்திருக்கிறேன். அவருக்கு என்ன வயது, என்ன நோய், வேறு என்ன மருந்து போடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. அவருடைய பக்கத்துக்கு இன்றும் எப்போதாவது போய்ப் பார்க்கிறேன்.

சரி, இரண்டு நாள் கதைக்கு வருவோம். இந்த வகை மருந்துகள் வேலையைத் தொடங்கவே இரண்டு வாரம் போல ஆகும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் வரைகூட ஆகலாம். பக்க விளைவோ முதல் நாளே கதவைத் தட்டும். குமட்டல், தூக்கமின்மை, உட்கார முடியாத ஒரு பரபரப்பு. ஆகவே இரண்டாம் நாளில் மோசமாக இருப்பதை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்காக "பொறுத்துக்கோங்க, சரியாயிடும்" என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் பரபரப்போடு சாகும் எண்ணமும் கூடினால் டாக்டருக்கு அன்றைக்கே தெரிய வேண்டும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை வைக்கச் சொன்னது. சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தார்கள். தொடக்கத்திலும் அளவு மாற்றும்போதும் ஆளைக் கூர்ந்து கவனியுங்கள் என்பதுதான் அதன் சாரம். போடவே கூடாது என்று அதில் இல்லை. நம் ஆட்கள் பாதியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "பாருங்க, அவனே சொல்லியிருக்கான்" என்று நடுராத்திரியில் ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். கேட்டவருக்கு இருப்பது இருதுருவ நோயாக (பைபோலார், சோர்வும் அளவுகடந்த வேகமும் மாறி மாறி வருவது) இருந்தால் கணக்கே வேறு. வெறும் மன அழுத்த மருந்து சிலரை மறுகோடிக்கு, அந்த அளவுகடந்த வேகத்துக்குத் தள்ளிவிடும். அந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்து தற்கொலையைக் குறைக்கும் என்பதற்கு நீண்டகாலச் சான்று இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இதையெல்லாம் ஒரு புகைப்படத்தைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

"எவ்வளவு போட்டால்" என்று எண்ணிக்கை கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பதிலே கிடையாது, கிண்டலாகக்கூட. அங்கே ஆளைத்தான் பிடிக்க வேண்டும்.

ஏன் முகம் தெரியாதவர்களிடம் வந்து கேட்கிறார்கள்? அவர்கள் முட்டாள்கள் இல்லை. டாக்டரைப் பார்க்க நாள் இருக்கிறது, பார்த்தாலும் ஐந்து நிமிடம். சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்ற பயம். அப்படிச் சொன்ன எல்லோரையும் யாரும் அட்மிட் செய்வதில்லை, ஆனால் அந்த நேரத்தில் பயம்தான் பேசும். மாத்திரையைப் பற்றிக் கேட்பது கௌரவமான கேள்வி. வாய்க்கு வராத இன்னொன்று அதற்குள் சுருண்டு கிடக்கிறது.

அந்நியர்களே ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் வந்தார்கள். நாளடைவில், அவர்களிடம் பேசியதே போதும் என்று பலர் பாதிரியாரைப் பார்க்காமலேயே எழுந்து போனார்கள். அந்தத் தன்னார்வலர்கள் யாரும் டோஸ் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் நான் நேராகக் கேட்டுவிடுகிறேன்: "தற்கொலை எண்ணம் இருக்கா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. "டாக்டரைப் பாருங்க" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வதும் கதவைச் சாத்துவதுதான். வாய்விட்டுச் சொல்ல வரவில்லையென்றால், எங்களுக்கு எழுதிய வரியை அப்படியே போனில் டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். அதுவரை மாத்திரைகள் வேறொருவர் கையில் இருக்கட்டும். இப்படிப்பட்ட நேரங்களில் டாக்டர்களே ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதுண்டு. அந்த அலை பலருக்குச் சில மணி நேரத்தில் தணியக்கூடியது, அதுவரை தூரம் வேண்டும். இதைப் படிக்கும் உங்களுக்கே இப்போது அப்படி இருந்தால், உதவி எண்ணுக்கோ அவசர எண்ணுக்கோ கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

அந்த ராத்திரி "தனியாவா இருக்கீங்க?" என்ற கேள்விக்குக் கீழே போய் நானும் நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிறார் என்று மூன்று புள்ளிகள் ஆடின, நின்றன, மறுபடி ஆடின.

"அக்கா பக்கத்து ரூம்ல தூங்கறா."

"எழுப்புங்க. அட்டையை அவங்க கையில குடுங்க. காலையில டாக்டருக்குப் போன் போடச் சொல்லுங்க."

பதினொரு நிமிடம் எதுவும் இல்லை.

"எழுப்பிட்டேன். திட்டறா."