பிளாங்க் விடத் தெரியாத மெஷின்

பதினோரு வருஷம் மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன்ல குப்பை கொட்டினவ நான். தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன், டாக்டர் நோயாளிய பாத்து முடிச்சதும் ரெக்கார்டர்ல கடகடன்னு பேசி வச்சிடுவாரு, நாங்க காதுல ஹெட்ஃபோன் மாட்டி கால்ல பெடல் மிதிச்சு அதைக் கேட்டு கேட்டு ரிப்போர்ட்டா அடிச்சுக் குடுப்போம். அந்த வேலைல சேந்த முதல் நாளே மண்டைல ஏத்தின விஷயம் ஒண்ணுதான். காதுல சரியா விழலையா, பிளாங்க் விடு. யூகிச்சு மட்டும் அடிச்சிடாத.

டோஸ் சொல்றப்ப ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு சந்தேகமா, பிளாங்க். ஹைப்போவா (குறைவு) ஹைப்பரா (அதிகம்), பிளாங்க். எத்தனாவது நிமிஷம் எத்தனாவது செகண்ட்னு பக்கத்துலயே குறிச்சு டாக்டருக்கு ஃப்ளாக் பண்ணி அனுப்பணும், அவரு கேட்டு நிரப்பிக் கையெழுத்து போடுவாரு. பிளாங்க் ஜாஸ்தியானா டீம் லீடர் திட்டுவாரு, ஆனா யூகிச்சு அடிச்சு க்யூஏல, அதாவது தரம் சரிபாக்கற டீம்கிட்ட, மாட்டினா அது கிரிட்டிக்கல் எரர், அந்த மாச இன்சென்டிவ் அவ்ளோதான்.

இப்ப அந்த வேலைய ஏஐ ஸ்க்ரைப் பண்ணுது. டாக்டரும் நோயாளியும் பேசறதை ரூம்ல இருந்தே கேட்டு அதுவே நோட் எழுதிடுது. நான் இதுக்கு எதிரி இல்லைங்க, என் வேலைய பறிச்சதுன்ற கோவத்துல எழுதறேன்னும் நினைக்காதீங்க (கோவம் கொஞ்சம் இருக்குதான்). கீபோர்ட பாத்துகிட்டே பேசின டாக்டர் இப்ப முகத்த பாத்து பேசறாருன்னா அது நிஜமாவே நல்ல விஷயம். என் பிரச்சனை வேற, இந்த மெஷினுக்கு பிளாங்க் விடத் தெரியல.

விஸ்பர்னு ஓபன்ஏஐயோட ஒரு பேச்ச எழுத்தாக்கற மாடல் இருக்கு இல்லையா, அத வச்சு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. டெஸ்ட் பண்ணின ஆடியோல சுமார் 1% துண்டுகள்ல யாருமே பேசாத வாக்கியங்கள அது தானா எழுதி வச்சிருக்கு. 1%தானேன்னு தோணும். அப்படி இட்டுக்கட்டினதுல 38% கெடுதல் பண்ணக்கூடிய ரகம்னு வகைப்படுத்தியிருக்காங்க, அடிதடி நடந்த மாதிரி, இல்லாத தகவல சொன்ன மாதிரியெல்லாம். அதுலயும் என்னைத் தூங்க விடாத பகுதி, அஃபேசியா இருக்கறவங்க பேச்சுல இது கூடுதலா வந்திருக்கு. அஃபேசியான்னா ஸ்ட்ரோக் மாதிரி ஏதாவது வந்து பேச்சு தடுமாறுற நிலை, அவங்க ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நிறைய நேரம் எடுத்துப்பாங்க, அந்த மௌனத்த மெஷின் தன் இஷ்டத்துக்கு நிரப்பிடுது. அடுத்து என்ன வார்த்தை வரும்னு கணிக்கறதுதான் அதோட பிழைப்பே, சும்மா இருன்னா எப்படி இருக்கும். வார்த்தை கிடைக்காம திணர்றவங்க வாயில நாமளே வார்த்தைய திணிக்கற மாதிரி இது, நம்ம தொழில்ல இத யாராவது பண்ணியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

சரி சந்தேகம்னா ஆடியோவ திருப்பிக் கேக்கலாமேன்னா, விஸ்பர அடிப்படையா வச்ச ஒரு ஆஸ்பத்திரி டூல் டேட்டா பாதுகாப்புன்னு சொல்லி மூல ஆடியோவையே அழிச்சிடுதுன்னு 2024 அக்டோபர்ல ஏபி செய்தி நிறுவனம் செய்தி போட்டாங்க. நோயாளி குரல் காலாகாலத்துக்கும் ஏதோ ஒரு சர்வர்ல கிடக்கக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா டாக்டர் படிச்சு கையெழுத்து போட்டு கொஞ்ச நாள் ஆகற வரைக்குமாவது இருக்கணும்ல, இல்லன்னா எது நிஜம்னு யார்கிட்ட கேக்கறது?

"டாக்டர் படிச்சுப் பாத்து கையெழுத்து போடறாரே"ன்னு எல்லா கம்பெனியும் சொல்லுது. இதுல எனக்கு சொந்த அனுபவம் இருக்கு. கடைசி நாலு வருஷம் எங்கள எடிட்டரா மாத்திட்டாங்க, சாஃப்ட்வேர் அடிக்கும், நாங்க திருத்தணும். காலங்காத்தால மூணு மணி, நாப்பதாவது ஃபைலோ என்னவோ, டாக்டர் "அஃபெப்ரைல்"னு சொல்றாரு, அதாவது காய்ச்சல் இல்ல. சாஃப்ட்வேர் அத "அ ஃபெப்ரைல்"னு ரெண்டா பிரிச்சு, காய்ச்சலோட இருக்கற நோயாளின்னு ஆக்கி வச்சிருக்கு. காதுக்கு ரெண்டும் ஒண்ணு, அர்த்தம் நேர் எதிர். நான் பாத்தேன், கேட்டேன், ரெண்டும் பொருந்துது, அனுப்பிட்டேன். க்யூஏல இருந்த ஒரு சீனியர் அக்காதான் புடிச்சாங்க, வெள்ளணு எண்ணிக்கை நார்மல், ஆன்டிபயாடிக் எதுவும் குடுக்கல, அப்புறம் காய்ச்சல் எங்கேந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. நானே அடிச்சிருந்தா அந்த தப்பு வந்திருக்காது. வழுவழுன்னு சரியான இலக்கணத்துல இருக்கற எழுத்துல தப்ப தேடறது, வெறும் பக்கத்துல அடிக்கறதவிட ரொம்ப கஷ்டம். படிக்கறதுக்குன்னே சம்பளம் வாங்கின நானே கோட்டை விட்டேன், அடுத்த நோயாளி வெளிய காத்துகிட்டிருக்கற டாக்டர் என்ன பண்ணுவாரு பாவம்.

ஒரு நோட்ல தப்புன்னா அதோட போச்சுன்னு விட்டுடலாம். நோயாளியோட ரெக்கார்டுல அப்படி எதுவும் போகாது, காப்பி பேஸ்ட்ல பரவும். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைகளோட பத்து கோடிக்கு மேல நோட்ஸ எடுத்து 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல இருந்த எழுத்துல 50.1% முன்னாடி நோட்ல இருந்து அப்படியே எடுத்தது. இது ஏஐ வர்றதுக்கு முந்தின கதை. இப்ப ஏஐ எழுதின நோட்ட இன்னொரு ஏஐ படிச்சு சம்மரி போடும், அந்த சம்மரியப் பாத்து இன்னொண்ணு ரிஸ்க் ஸ்கோர், அதாவது இவருக்கு ஆபத்து எவ்வளவுன்னு ஒரு மார்க், குடுக்கும்.

ரிஸ்க் ஸ்கோர்னதும் ஞாபகம் வருது. எபிக்னு ஒரு கம்பெனியோட ரெக்கார்டு சாஃப்ட்வேர்ல, செப்சிஸ் (தொற்று முத்தி உறுப்புகளையே பாதிக்கற ஆபத்தான நிலை) வருமான்னு கணிக்கற மாடல் அமெரிக்காவுல நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரில ஏற்கனவே ஓடிட்டிருந்துச்சு. 2021ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க தங்களோட நோயாளிகள் டேட்டாவுல சோதிச்சா, செப்சிஸ் வந்த 2,552 கேஸ்ல 1,709ஐ புடிக்கல, அதே நேரம் அட்மிட் ஆனவங்கள்ல 18%க்கு எச்சரிக்கை மணி அடிச்சிருக்கு. வெளியாள் சோதிக்கறதுக்கு முன்னாடியே அத்தனை வார்டுக்குள்ள போனதுதான் எனக்குப் புரியல.

சட்டம் என்ன பண்ணுதுன்னா, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குது. அமெரிக்காவுல 2016 க்யூர்ஸ் சட்டம் நிர்வாக வேலைக்கான சாஃப்ட்வேர், ரெக்கார்ட சேமிக்கற சாஃப்ட்வேர் இதையெல்லாம் மருத்துவக் கருவின்ற வரையறைய விட்டு வெளிய எடுத்துடுச்சு, அதனால "நாங்க எழுத மட்டும்தான் செய்றோம்"னு சொல்லி மருத்துவக் கருவிக்கான கட்டுப்பாட்டுல இருந்து நழுவ இடம் இருக்கு. ஆனா அங்கயே 2023 டிசம்பர்ல ஹெச்டிஐ-1னு ஒரு விதிய இறுதி பண்ணினாங்க, ரெக்கார்டு சாஃப்ட்வேருக்குள்ள கணிப்பு மாடல் குடுத்தா யார் டேட்டாவுல பழக்கினது, எங்க சோதிச்சது, எதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு 31 விவரத்த காட்டணும்னு, 2025 ஜனவரி 1ல இருந்து அமல். இது எனக்குப் புடிச்சது. பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல அங்க அரசு மருத்துவ சேவைய நடத்தற என்ஹெச்எஸ் இங்கிலாந்து இன்னும் நேரடியா வந்துச்சு, கேட்டத அப்படியே எழுதினா வேற, சுருக்கி சம்மரி போட ஆரம்பிச்சா அது மருத்துவக் கருவியா கணக்காக வாய்ப்பிருக்கு, பதிவு பண்ணிக்கணும்னு. ஐரோப்பாவோட ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட்ல நடைமுறைக்கு வந்தாலும் அதோட கனமான பகுதியெல்லாம் தவணை முறைலதான்.

இதுல பிரிட்டன் சொல்றதுதான் சரின்னு நினைக்கறேன். எத எழுதணும், எத விடணும்னு முடிவு பண்றது எழுத்தர் வேலை இல்ல. நெஞ்சு வலியப் பத்தி நோயாளி போற போக்குல சொன்னத சம்மரில விட்டுட்டா, நாளைக்கு ரெக்கார்டுல அந்த வலியே கிடையாது.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல, எங்களுக்குப் போட்ட அதே விதிய மெஷினுக்கும் போடுங்கன்றதுதான். புரியலன்னா பிளாங்க் விடணும், நோட்ல எந்த வரி மெஷின் எழுதினதுன்னு தெரியணும், அந்த வரிய தொட்டா ஆடியோல அந்த இடம் ஓடணும், அப்புறம் ஒரு தப்ப திருத்தினா காப்பி போன இடத்துக்கெல்லாம் திருத்தம் போகணும். கடைசியா சொன்னது ஒண்ணும் கற்பனை இல்ல, ஐரோப்பாவோட தகவல் பாதுகாப்பு சட்டமான ஜிடிபிஆர்ல 16வது பிரிவு தப்பான தகவல திருத்தச் சொல்ற உரிமைய குடுக்குது, 19வது பிரிவு அந்த டேட்டாவ வாங்கினவங்களுக்கும் முடிஞ்ச வரைக்கும் அத தெரிவிக்கணும்னு சொல்லுது. எழுத்துல இருக்கு, ரெக்கார்டு சாஃப்ட்வேர்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்கான்னுதான் கேள்வி.

போன மாசம் செக்கப் போனப்ப டேபிள்ல ஃபோன கவுத்து வச்சிருந்தாங்க, ரெக்கார்டு ஆகுதுன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. ஆடியோ எத்தனை நாள் இருக்கும் டாக்டர்னு கேட்டேன். அவங்க நர்ஸ பாத்தாங்க, நர்ஸ் ஃபோன பாத்தாங்க. அப்புறம் டாக்டர் சிரிச்சுகிட்டே "தெரியல, கேட்டு சொல்றேன்"னாங்க. நல்ல டாக்டர், பிளாங்க் விடத் தெரியுது. இன்னும் பதில் வரல.

இப்ப இந்த டூல்ஸோட வேலை பாக்கறவங்க, டாக்டரோ நர்ஸோ, நோட்ட பாத்து பில்லிங் கோடு போடற கோடரோ, யாராவது இருந்தா சொல்லுங்க. உங்க ஸ்க்ரைப் எப்பவாவது "இது சரியா கேக்கல"ன்னு எழுதிப் பாத்திருக்கீங்களா?