எதிரணி வக்கீல், ஆனாலும்...

மூத்த வக்கீல் ஃபாலி நாரிமன் பற்றிய ஒரு நினைவுக் கட்டுரையில் 1975 ராஜினாமாதான் பெரிதாக வந்திருக்கிறது. நெருக்கடி நிலையை எதிர்த்து மத்திய அரசுக்காக வாதாடும் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை உதறியவர், சரிதான். தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு அவர் காவிரி வழக்கில் கர்நாடகத்தின் வக்கீல். எத்தனை வருஷம் திட்டியிருப்போம்! அதே மனிதர் 2016 செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் சொன்னபடி தண்ணீர் திறக்க கர்நாடகம் மறுத்தபோது, அன்றைய விசாரணையில் தன் கட்சிக்காரருக்காக வாதாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கட்சிக்காரர் ஒரு மாநில அரசு என்றாலும்! போபால் விஷவாயு வழக்கில் அந்த ஆலையை நடத்திய யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக நின்றது எனக்கு இன்னும் உறுத்தல்தான். அதற்கும் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். 2024 பிப்ரவரியில், 95 வயதில் போனார். இரு தரப்பு வக்கீல்களும் மனசார வருந்திய சாவு.